துப்பாக்கியோடு வெளிநாட்டுப் போட்டிக்கு: சேலத்துக்காரர்கள் குறைந்த செலவில் விமானம் பிடிப்பது எப்படி?

என் மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். ஜெர்மனியில் நடந்த ஒரு போட்டிக்கு அவளை முதல் தடவை அழைத்துப் போனபோது டிக்கெட்டில் ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தேன். இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக இரண்டு டிக்கெட், நடுவில் ஒரு வளைகுடா நாட்டு விமான நிலையம். அங்கே பெட்டிகளை வெளியே எடுத்து அடுத்த விமானத்தில் மறுபடி போட வேண்டும். பெட்டியை எடுக்க வேண்டுமானால் அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். துப்பாக்கியோடு நுழைய முன் அனுமதி வேண்டும். எங்களிடம் அது இல்லை. ரைபிள் அங்கேயே தங்கிவிட்டது. என் மகள் முன்பின் தொட்டே பார்க்காத ஓர் இரவல் ரைபிளில் அறுபது குண்டும் சுட்டாள்.

அன்று அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் உட்கார்ந்து படித்து, கேட்டு, எழுதி வைத்துக்கொண்டேன். இப்போது நாமக்கல், தருமபுரி பக்கத்துப் பெற்றோர்களும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

வேட்டைக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் பெரியப்பா மகன், நமீபியாவில் இருக்கும் மைத்துனரோடு வேட்டைக்குப் போக ஆசைப்பட்டார். தோட்டத்து இரட்டைக்குழல் துப்பாக்கியையும் கொண்டுபோகலாமா என்று கேட்டார். “வேண்டாம் அண்ணா” என்றேன். இந்தியாவில் வேட்டைக்கு 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டிருக்கிறது. எனவே வேட்டைப் பயணம் என்று சொல்லி இங்கே எந்த அலுவலகத்தில் நின்றாலும் காரியம் சுலபமாக நடக்காது. பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கிய லைசென்ஸ் என்றால் அது அந்தத் தோட்டத்துக்கானது, ஊர் சுற்றுவதற்கானது அல்ல. நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வேட்டைக்கு ஏற்பாடு செய்பவர்களே நாள் வாடகைக்கு ரைபிள் கொடுக்கிறார்கள். கைவீசிப் போய் அங்கே வாடகைக்கு எடுப்பதுதான் மலிவு. சொந்தத் துப்பாக்கியே வேண்டும் என்றால் தென்னாப்பிரிக்காவுக்கு அந்நாட்டுக் காவல்துறையின் எஸ்.ஏ.பி.எஸ். 520 படிவம், அமெரிக்காவுக்கு ஏ.டி.எஃப். என்ற அரசுத் துறையின் படிவம் 6 என்.ஐ.ஏ. என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தாள் வேலை இருக்கிறது. அடித்த விலங்கின் கொம்பையோ தோலையோ இந்தியாவுக்குள் கொண்டுவர நினைக்கவே வேண்டாம்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு வாடகை ரைபிள் சரிப்படாது. கன்னம் வைக்கும் இடத்திலிருந்து விசையின் எடை வரை அவரவர் உடம்புக்குச் சரிசெய்தது. அதைக் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும். இனி எழுதுவதெல்லாம் அவர்களுக்காக.

படி 1: கையில் இருப்பது என்ன என்று தெளிவாகப் பாருங்கள்

ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல், .22 ரைபிள், ஷாட்கன் ஆகியவற்றுக்கு விதிகள் வேறுவேறு. 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழலும், குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு இங்கே லைசென்ஸ் தேவையில்லை. நான் ஏமாந்தது இங்கேதான். இங்கே லைசென்ஸ் வேண்டாத பொருள் எங்கும் வேண்டாத பொருள் என்று நினைத்துவிட்டேன். ஜெர்மனியில் அந்த வரம்பு 7.5 ஜூல். சிங்கப்பூரில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான், அனுமதி வேண்டும். விமான நிறுவனத்துக்கோ காற்றா வெடிமருந்தா என்ற பேதமே கிடையாது, எல்லாமே துப்பாக்கி.

.22 ரைபிளும் ஷாட்கன்னும் லைசென்ஸில் ஏறியவை. லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். சேலத்துக்காரர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஓசூர் தாண்டினால் கர்நாடகம். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் லைசென்ஸோடு பெங்களூரு விமான நிலையத்துக்குக் காரில் போவது குற்றம். லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் இந்தியா முழுவதுக்குமாக மாற்றி வாங்குங்கள். இல்லாவிட்டால் சென்னை வழியாகப் போங்கள். விமானத்தைத் தேர்வு செய்யும் வேலை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

நாட்டுக்கு வெளியே எடுத்துப் போவதைப் பற்றி 1959 ஆயுதச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு பேசுகிறது. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை உள்ளவர், சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் தனி லைசென்ஸ் இல்லாமலே வெளியே எடுத்துப் போகலாம், திரும்பவும் கொண்டுவரலாம். ‘நியாயமான அளவு’ என்பதில் சந்தேகம் வந்தால், மத்திய அரசின் உத்தரவு வரும் வரை சுங்க ஆணையர் துப்பாக்கியை நிறுத்தி வைக்கலாம். ஆகவே போட்டி அழைப்பிதழ், நுழைவு உறுதிக் கடிதம், மாநிலச் சங்கம் அல்லது தேசிய ரைபிள் சங்கத்தின் கடிதம் மூன்றும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

படி 2: விலையைப் பார்க்கும் முன் வழியைப் பாருங்கள்

டிக்கெட் தளங்கள் விலை வரிசையில்தான் காட்டும். நாம் அப்படிப் பார்க்கக் கூடாது. துப்பாக்கி எத்தனை நாட்டு மண்ணில் இறங்குகிறது என்று எண்ணுங்கள். இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அனுமதி, ஒரு கட்டணம், தவறு நடக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெட்டியை நாம் வெளியே எடுக்காமல் அவர்களே அடுத்த விமானத்துக்கு மாற்றினாலும் சில நாடுகள் முன் அனுமதி கேட்கின்றன. துபாய் வழியாகவும் சிங்கப்பூர் வழியாகவும் போனால் அப்படித்தான். ஆம்ஸ்டர்டாம் வழியாகத் துப்பாக்கி மாறிப்போக நெதர்லாந்து சுங்கத்துறையின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவுக்குப் போனால் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து சுங்கச் சோதனை முடித்து மறுபடி ஒப்படைக்க வேண்டும்.

என் கருத்து இது: நேரடி விமானம் பத்துப் பதினைந்தாயிரம் கூடுதலாக இருந்தாலும் அதுதான் மலிவு. நேரடி கிடைக்காவிட்டால் ஒரே ஒரு இடத்தில் மாறுவது, அதுவும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆரில். எடுத்துக்காட்டாக, மியூனிக் பக்கம் போட்டி என்றால் பெங்களூருவிலிருந்து லுஃப்தான்சா மியூனிக்குக்கே பறக்கிறது. 1972 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய ஹோக்புரூக் சுடுதளம் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான், வருடத்துக்குப் பல போட்டிகள் நடக்கின்றன. ஹானோவருக்குப் போகிறவர்கள் பெங்களூருவிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, மீதி வழியை வாடகைக் காரில் போகலாம். கன் கேஸோடு (துப்பாக்கிப் பெட்டியோடு) உள்நாட்டு விமானம் மாறுவதைவிட அது நிம்மதி.

மாறும் இடத்தில் குறைந்தது மூன்று மணி நேரம் இருக்கட்டும். ஒன்றே கால் மணி நேரத்தில் மனிதர் ஓடிப் பிடித்துவிடலாம், துப்பாக்கிப் பெட்டி பிடிக்காது. அதைத் தனியாக, ஆள் கையில்தான் மாற்றுவார்கள்.

படி 3: எந்த ஊரிலிருந்து ஏறுவது

நமக்கு வாசலில் காமலாபுரம் விமான நிலையம் இருக்கிறது. 2023 அக்டோபரில் மறுபடி சேவை தொடங்கியபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் இந்தப் பயணத்துக்கு அது ஒத்துவராது. வருவது சிறிய ஏ.டி.ஆர். விமானம். நீளமான கேஸை ஏற்றுவார்களா என்பது அன்றைய சரக்கறை இடத்தைப் பொறுத்தது. வெளிநாட்டு விமானம் வேறு நிறுவனமாக இருந்தால் டிக்கெட் இரண்டாகிவிடும், துப்பாக்கி நடைமுறையையும் இரண்டு முறை செய்ய வேண்டும்.

கோவை 160, திருச்சி 140 கிலோமீட்டர்தான். பக்கம் என்று மனசு இழுக்கும். ஆனால் அங்கிருந்து போகும் வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், வளைகுடா பக்கம். முன் அனுமதி கேட்கும் வழிகளும் அவைதான். போட்டியே அந்த நாட்டில் என்றால் சரி, அங்கிருந்து ஐரோப்பாவுக்கு மாறுவதென்றால் தவிர்த்துவிடுங்கள்.

மிச்சம் பெங்களூருவும் சென்னையும். பெங்களூரு தூரம் குறைவு. ஆனால் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, நாம் தெற்கிலிருந்து போய் நகரம் முழுவதையும் கடக்க வேண்டும். இரவு விமானம் என்றால் மதியம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவோம். சென்னை 340 கிலோமீட்டர், ஆனால் மாநில எல்லைப் பிரச்சினை இல்லை. ரயிலைவிடக் காரே நல்லது, கேஸ் கண் முன்னால் இருக்கும். வழியில் டீ குடிக்க இறங்கினாலும் ஒருவர் காரிலேயே இருப்பது எங்கள் வீட்டு விதி.

படி 4: உண்மையான விலையைக் கணக்குப் போடுங்கள்

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணக்குப் புரிவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு, இன்றைய விலை அல்ல. அ நிறுவனம் 52,000 ரூபாய், ஒரு பெட்டி 23 கிலோ. ஆ நிறுவனம் 61,000, இரண்டு பெட்டி. அ-வில் இரண்டாவது பெட்டிக்குப் போக வர 12,000. துப்பாக்கிக் கையாளும் கட்டணம் தனி, அதையும் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை கட்ட வேண்டும். ஆக அ ஏற்கெனவே 64,000 தாண்டிவிட்டது. மலிவாகத் தெரிந்தது மலிவு இல்லை.

பெட்டிக் கணக்கில் இரண்டு முறை உண்டு. ஒன்றில் எத்தனை உருப்படி என்று பார்ப்பார்கள், இன்னொன்றில் மொத்த எடையை மட்டும். ஏர் ரைபிள் அதிகபட்சம் 5.5 கிலோ. துப்பாக்கிப் பெட்டி, காற்றுச் சிலிண்டர், பெல்லட் (காற்றுத் துப்பாக்கிக் குண்டு) எல்லாம் சேர்ந்தால் 12 கிலோ பக்கம் வரும். ஜாக்கெட், பேன்ட், ஷூ இன்னொரு பை. துணிமணி மூன்றாவது. எடை குறைவு, உருப்படி அதிகம். அதனால் மொத்த எடை பார்க்கும் நிறுவனம் நமக்கு லாபம்.

அளவையும் பாருங்கள். பொதுவாக நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். 120 நீளம், 35 அகலம், 15 உயரம் உள்ள சாதாரண ரைபிள் கேஸே 170 வந்துவிடும். இதற்குக் கூடுதல் கட்டணம் உண்டா, விளையாட்டுச் சாமான் என்று விலக்கு உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இப்போதைய அலுமினிய ரைபிள்களில் குழலைக் கழற்றிக் குட்டை கேஸில் வைக்க முடியும். நாங்கள் அதற்கு மாறிவிட்டோம். ஆனால் மறுபடி பூட்டியதும் குறி சரிபார்க்கப் பயிற்சி நேரம் வேண்டும், அதனால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுகிறோம். அந்த ஒரு நாள் அறை வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

மலிவு விலை நிறுவனங்களில் சில துப்பாக்கியை ஏற்பதே இல்லை. விதிமுறைப் பக்கத்தில் ‘துப்பாக்கி’ என்று தேடிப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும், பறப்பது இன்னொரு நிறுவனத்தின் விமானமாக இருக்கும். அப்போது பறக்கிறவரின் விதியைப் பார்க்க வேண்டும். இடைத்தரகுத் தளங்களில் வாங்கினால், துப்பாக்கி விவரம் சேர்க்க நிறுவனத்தைக் கூப்பிட்டால் தளத்தைக் கேள் என்பார்கள், தளத்தைக் கேட்டால் நிறுவனத்தைக் கேள் என்பார்கள். ஐந்நூறு ரூபாய் கூடுதலானாலும் நிறுவனத்திடமே நேராக வாங்குங்கள். தேதி மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள டிக்கெட்டாகவும் இருக்கட்டும். அனுமதித் தாள் ஒரு நாள் தாமதமானால் மொத்தப் பணமும் போகக் கூடாது.

படி 5: எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

பணம் கட்டும் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள்: துப்பாக்கியின் வகை, தயாரிப்பாளர், வரிசை எண், கேஸின் அளவும் எடையும், தோட்டா அல்லது பெல்லட் எண்ணிக்கை, போட்டியின் பெயர், தேதி. ஏற்றுவீர்களா, கட்டணம் எவ்வளவு, மாறும் இடத்தில் அனுமதி யார் எடுப்பது என்று மூன்று கேள்விகள். தொலைபேசியில் ‘கொண்டுவாங்க சார், பாத்துக்கலாம்’ என்று சொல்வதை நம்ப வேண்டாம். கவுண்டரில் நிற்பவர் வேறு ஆள். டிக்கெட் வாங்கியதும் துப்பாக்கியை முன்பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் 48 மணி நேரம், சில 72 மணி நேரம் முன்பு கேட்கின்றன. நான் மூன்று வாரம் முன்பே முடித்துவிடுவேன். வெளிநாட்டு அனுமதிகளுக்கு இரண்டு, மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தேர்தல் காலத்தையும் பாருங்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டியாளர் என்று விலக்குக் கேட்பதை முன்கூட்டியே எழுத்தில் செய்ய வேண்டும்.

படி 6: கட்டுவது

கெட்டியான, பூட்டுப் போட்ட பெட்டி. போல்ட் (குண்டு போடும் இடத்தை மூடும் பாகம்) கழற்றியோ திறந்தோ இருக்க வேண்டும், குழலில் பாதுகாப்பு நாடா. சாவி நம் கையில்.

காற்றுச் சிலிண்டரைக் கழற்றி முழுக்கக் காலி செய்யுங்கள். 200 பார் அழுத்தக் காற்றோடு எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். அழுத்தமானி சுழியத்தில் நிற்பது வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள். போட்டி நடக்கும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம், உங்கள் சிலிண்டருக்குப் பொருந்தும் அடாப்டரை மட்டும் மறக்க வேண்டாம். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள், பத்து வருடம் தாண்டியதைப் போட்டிச் சோதனையில் அனுமதிக்க மாட்டார்கள்.

தோட்டாவுக்கு உலகம் முழுக்க ஒரே வரம்பு. ஐ.ஏ.டி.ஏ. (உலக விமான நிறுவனங்களின் சங்கம்) விதிப்படி ஒரு பயணிக்கு, கட்டோடு சேர்த்து 5 கிலோ, செக்-இன் செய்யும் சரக்குப் பெட்டியில் மட்டும், நிறுவனத்தின் ஒப்புதலோடு. அப்பாவின் 5 கிலோவையும் மகளின் 5 கிலோவையும் ஒரே கட்டாகக் கட்டக் கூடாது. .22 தோட்டா 500 கொண்ட பெட்டி ஏறக்குறைய 1.75 கிலோ. ஒரு போட்டிக்குத் தாராளமாகப் போதும். ஷாட்கன்காரர்கள் நிலைமை வேறு. 25 தோட்டாவே கிட்டத்தட்ட ஒரு கிலோ, ஆக 5 கிலோவுக்கு 125 அல்லது கொஞ்சம் கூட. டிராப் (பறக்கும் தட்டைச் சுடும் ஷாட்கன் போட்டி) தகுதிச் சுற்றில் 125 தட்டுகள், ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம், பயிற்சிக்குத் தனி. அதனால் தோட்டாவைச் சுமந்து போகவே வேண்டாம். போட்டி நடத்துபவரிடம் முன்பதிவு செய்து அங்கே வாங்குங்கள், பெட்டிக் காசும் மிச்சம்.

இனி சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். சுடுதளத்துக்குக் கொண்டுபோன பையைக் கைப்பையாக எடுத்துப் போகாதீர்கள். பக்கப் பையில், ஜாக்கெட் மடிப்பில், பென்சில் டப்பாவில் ஒரே ஒரு .22 தோட்டா சிக்கியிருந்தால் போதும். எக்ஸ்ரேயில் தெரிந்ததும் விமானம் போய்விடும், காவல் நிலையம், வழக்கு என்று இழுக்கும். சுட்ட வெறும் உறைக்கும் இதே பாடுதான். முதல் நாள் இரவு எல்லாப் பையையும் வெள்ளை வேட்டி மேல் கவிழ்த்து உதறிப் பார்ப்போம். வேட்டி மேல் ஒரு பெல்லட் விழுந்தாலும் தெரியும்.

கைப்பையில் என்ன வைப்பது? சுடும் ஜாக்கெட்டும் பேன்ட்டும். ரைபிள் ஒரு நாள் தாமதமானால் இரவல் கிடைக்கும், அவள் உடம்புக்குத் தைத்த ஜாக்கெட் கிடைக்காது. முதல் பயணத்தில் நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். கழற்றிய உதிரிகள், ஆலன் கீ எல்லாம் சரக்குப் பெட்டிக்கு. பவர் பேங்க் கைப்பையில்தான்.

படி 7: புறப்படும் நாள்

நான்கு மணி நேரம் முன்னால் நுழைவாயிலில் இருங்கள். சி.ஐ.எஸ்.எஃப். வீரரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்: போட்டித் துப்பாக்கி இருக்கிறது, தாள்கள் இருக்கின்றன. செக்-இன் கவுண்டரில் உறுதிமொழிப் படிவம், வரிசை எண் சரிபார்ப்பு, தனி இடத்தில் ஒப்படைப்பு. ஒவ்வொரு தாளிலும் நான்கு பிரதி வையுங்கள், போனில் இருக்கிறது என்று காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேஸை ஒப்படைக்கும் முன் சுங்கக் கவுண்டருக்குப் போய், துப்பாக்கியின் வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். இதை விட்டுவிட்டால் திரும்பி வரும்போது புதிதாக வாங்கி வந்ததாக நினைத்துத் தீர்வை கேட்பார்கள். பயணிகளின் சாமானுக்கு உள்ள தீர்வைச் சலுகை எதுவும் துப்பாக்கிக்குக் கிடையாது. இதற்கு அரை மணி நேரம் ஆகும், வரும்போது ஆயிரக்கணக்கில் மிச்சமாகும்.

படி 8: இறங்கிய பிறகும், திரும்பும்போதும்

கன் கேஸ் சாதாரண பெல்ட்டில் வராது. பெரிய சாமான் வாசலிலோ அலுவலர் கையிலோ வரும். வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் அங்கேயே புகார் எழுதிப் பதிவு எண் வாங்குங்கள். சேதம் என்றால் 7 நாளுக்குள், தாமதம் என்றால் 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி நிறுவனம் தரும் இழப்பீட்டின் உச்சம் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 1.8 லட்சம் ரூபாய். நல்ல ரைபிள் அதைவிட விலை. கவுண்டரில் கூடுதல் மதிப்பை எழுதிக்கொடுத்துக் கட்டணம் கட்டலாம், அல்லது தனிக் காப்பீடு எடுக்கலாம். நாங்கள் காப்பீடு எடுக்கிறோம்.

வெளியேறும்போது, சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்கள் போகும் சிவப்பு வழியில்தான் போக வேண்டும். திரும்பும் விமானத்துக்கும் துப்பாக்கி விவரம் முன்பதிவில் ஏறியிருக்கிறதா என்று ஊர் கிளம்பும் முன்பே பாருங்கள், போகும் வழிக்கு மட்டும் பதிந்துவிட்டுத் திரும்பும் வழியை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கடைசிக் குண்டு சுட்டதும் சிலிண்டரைக் காலி செய்துவிடுங்கள். பெங்களூருவிலோ சென்னையிலோ இறங்கியதும் மறுபடி சிவப்பு வழி, ஏற்றுமதிச் சான்று, வரிசை எண் சரிபார்ப்பு. மிச்சத் தோட்டா இருந்தால் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். சான்றின் அசலை அவர்கள் எடுத்துக்கொண்டால் முத்திரையோடு ஒரு நகல் கேட்டு வாங்கி, லைசென்ஸ் கோப்பிலேயே வையுங்கள். அடுத்த பயணத்துக்கு விமான நிறுவனத்துக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலில் அதையும் இணைக்கலாம்.